சத்தமில்லாத இடம் தேடி ஒரு பாட்காஸ்ட்

என் குரல் நன்றாக இருக்கிறது என்று முதன்முதலில் சொன்ன மனிதரை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். வியாசர்பாடியில் ஒரு கால்பந்துப் போட்டி. மைக் பிடிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், கூட்டத்தில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்ற ஒரே ஆளான என்னைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். "இதோ, கார்னர் உதை எடுக்க வருகிறார் ஏழாம் எண் வீரர்" என்று நான் முழங்கியதில் ஏழாம் எண் வீரரே பந்தை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார். ஆட்டம் முடிந்து இறங்கியபோது யாரோ முதுகில் தட்டி, "ரேடியோல பேசற மாரியே கீது நைனா" என்றார். நான் திரும்புவதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. அதன் பிறகு வீட்டில் குழம்பு கேட்டால்கூடச் செய்தி வாசிப்பவர் தோரணையில்தான் கேட்டேன். அம்மா பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிழைப்பு என்னவோ துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். எங்கிருந்தோ வந்திறங்கும் சரக்குக்கு எத்தனை பெட்டி, என்ன எடை என்று காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பேன். அதில் குரலுக்கு வேலையே இல்லை. ஃபோனை எடுத்து "சார் வெளியே போயிருக்காரு" என்று சொல்ல மட்டும் குரல் வேண்டும். அதை நான் அழுத்தம் திருத்தமாக, இடைவெளி விட்டுச் சொல்லுவேன். எதிர்முனையில் இருப்பவர்கள் சிலசமயம் சாருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறியிருக்கிறார்கள்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், ராயபுரத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. சொந்தமாக பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். நம் குரலை நாமே பதிந்து இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் கேட்கலாமாம். ரேடியோ ஸ்டேஷன் கூப்பிட வேண்டாம், குரல் தேர்வு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது. சென்டர் நடத்தும் பாய் பதினொரு பக்கத்தையும் அச்சடித்துக் கையில் கொடுத்து, "பரீட்சையா தம்பி?" என்று கேட்டார்.

அந்தப் பதினொரு பக்கத்தை முதலில் காட்டியது என் தோஸ்திடம். ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன், அப்புறம் நகரவேயில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. திருவொற்றியூரைத் தாண்டி ஒரு காலி கண்டெய்னர் யார்டில் அவனுக்குச் செக்கர் வேலை. சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கண்டெய்னர்களில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொடுப்பான். அவன் எழுதினால் டிரெய்லர் டிரைவருக்குத் தண்டம். அதனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் அவனைத் திட்டாத டிரைவர் கிடையாது.

"இன்னா மாமு இது?" என்றான் காகிதத்தைப் புரட்டி.

"பாட்காஸ்ட். ரேடியோ மாதிரி. ஆனா ஸ்டேஷன் கிடையாது."

"யாரு கேப்பா?"

"உலகம் முழுக்கக் கேக்கலாம்."

காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினான். "நீ பேசனா நம்ம தெருவுலயே எவனும் நின்னு கேக்க மாட்றான். ஒலகம் எப்டி மாமு கேக்கும்?"

பதினொரு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. பொறாமையில் பேசுகிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பர்மா பஜாரில் கட்டைவிரல் அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினேன். பாட்டுக் கேட்கவும் செய்யலாம், பேசினால் பதிந்தும் கொள்ளும். அடுத்த கட்டம் அமைதியான அறை. துணிமணிகள் நிறையத் தொங்கும் அலமாரி அறைக்குள் நின்று பேசினால் எதிரொலி வராது என்று வெள்ளைக்காரர் யோசனை சொல்லியிருந்தார். அவர் சொன்ன அலமாரி அறைக்குள் எங்கள் வீட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் இடம் பார்க்கலாம். எங்கள் துணிகள் கொடியில் கிடந்தன. கொடிக்குக் கீழே அப்பா படுத்திருப்பார், அவர் குறட்டைக்கு அந்தக் கட்டுரையில் வழி ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்திருக்கிறேன், காதில் விழுந்ததில்லை. விடிந்தால் பாங்கு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மாதாகோயில் மணி, மணி ஓய்ந்தால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. என் எம்பி3 பிளேயர் மூன்று மதத்துக்கும் சமமாக இடம் கொடுத்தது, எனக்குத்தான் கொடுக்கவில்லை. மிச்ச நேரத்தில் கூட்ஸ் ரயில். அதுவும் இல்லாவிட்டால் தெருவில் யாராவது செத்து மேளம் வந்துவிடும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "வணக்கம் நேயர்களே" என்று தொடங்கினால், அம்மா போர்வையைத் தூக்கி, "நேயரு யாருடா? தண்ணி லாரி வந்துட்ச்சு, கொடத்த எடு" என்பாள்.

இப்படியும் மூன்று எபிசோடு பதிந்து ஏற்றினேன். தலைப்பு, 'வடசென்னை: ஒரு வரலாற்றுப் பார்வை'. ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி முதல் எபிசோடு. அதில் "பெருமைமிகு" என்ற சொல் பதினாறு இடத்தில் வருகிறது. ஒரு எபிசோடு இன்டர்நெட்டில் ஏறி முடிவதற்குள் எண்ணூர் போய்க் குளித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகம். மூன்றையும் சேர்த்து ஒன்பது தடவை இறக்கியிருந்தார்கள். அதில் ஆறு நான், வேறு வேறு கம்ப்யூட்டரிலிருந்து. ஒன்று பாய். மற்ற இரண்டு யார் என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

தோஸ்து ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்து இரண்டு நிமிஷம் கேட்டான். "ஏன் மாமு வேற எவனோ மாரி பேசற? மூக்கடைப்பா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் கேட்கும் கூட்ஸ் ரயில்தான் என் குரலைக் கெடுக்கிறது, அமைதியான இடம் மட்டும் கிடைத்தால் என்னை யாரும் அசைக்க முடியாது என்றேன். அவன் இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "சத்தமே இல்லாத எடம் ஒண்ணு எனக்குத் தெர்யும். நாயித்துக்கெழம வா."

அவன் சொன்னது கண்டெய்னர்.

செக்கர் வேலையில் ஒரு முறை உண்டு. கண்டெய்னரில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் மழைத்தண்ணீர் இறங்கிச் சரக்கு கெட்டுவிடும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அதனால் செக்கர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கும்மிருட்டில் நின்று சுற்றிலும் பார்ப்பார். எங்கே வெளிச்சப் பொட்டு தெரிகிறதோ அங்கே ஓட்டை. இப்படி உள்ளே போகும்போது தன் மஞ்சள் ஹெல்மெட்டை வெளிக்கதவின் பிடியில் மாட்டிவிட்டுப் போவார். ஹெல்மெட் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், அந்தக் கண்டெய்னரை யாரும் தொடமாட்டார்கள். ஆபீஸ் சுவரில் இங்கிலீஷில் ஏகப்பட்ட சட்டம் ஒட்டியிருந்தது. யார்டில் உயிரைக் காப்பாற்றியது இந்த ஹெல்மெட் மட்டும்தான்.

வெளியாளை உள்ளே விடக்கூடாது என்பதும் சுவரில் இருந்தது. தெரிந்தேதான் கூப்பிட்டான். அந்தச் சமயத்தில் அவனுக்கு எது போனாலும் போகலாம், வேலை போகக்கூடாது. மூன்று வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தவனை தை மாதம் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பிக் கொருக்குப்பேட்டையில் பெண் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பா ரயில்வேக்காரர், வேலை நிரந்தரம் என்று காகிதம் வந்த பிறகுதான் பத்திரிகை அடிக்கலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்படி இருந்தும் என் மூக்கடைப்பு போகட்டும் என்று அவன் கூப்பிட்டான். நான் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அன்று என்ன சட்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குரல் நிகழ்ச்சிக்குச் சட்டை எதற்கு என்று எனக்கே தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் யார்டில் பாதி ஆட்கள்தான். கடைசி வரிசையில், நசுங்கல் இல்லாத இருபதடிப் பெட்டி ஒன்றைத் தோஸ்து எனக்காகப் பார்த்து வைத்திருந்தான். எதிரொலி வராமல் இருக்க ஐந்தாறு கோணிச்சாக்கைச் சுவரில் சாய்த்திருந்தான். பதினொரு பக்கத்தில் அதையும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான் போலிருக்கிறது. ஹெல்மெட்டைக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தினான். அப்பா, என்ன அமைதி! ராயபுரத்தில் பிறந்தவனுக்குக் காதில் ஏதோ கோளாறு வந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

பிளேயரை ஓடவிட்டு, "வணக்கம் நேயர்களே" என்றேன். டக், என்றது வெளியே. மறுபடி தொடங்கினேன். டக், டக். கடற்காற்றில் ஹெல்மெட் ஆடி ஆடிக் கதவில் மோதிக்கொண்டிருந்தது. ஐந்து முறை தொடங்கி ஐந்து முறையும் நிறுத்தினேன். ஆறாவது முறை தோஸ்து உள்கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கைச் சரி செய்துகொண்டிருந்தபோது, நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை நீட்டி ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து என் காலடியில் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். இப்போது பரிபூரண அமைதி. அன்று நான் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. "பெருமைமிகு" தானாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

நாலு நிமிஷம் போயிருக்கும். வெளியே இரும்புக் கம்பி இழுபடும் சத்தம் கேட்டது. கதவு சும்மா சாத்திக் கிடக்கிறதே என்று யாரோ ஒரு கடமை வீரர் தாழ்ப்பாளை இறக்கிவிட்டார். தோஸ்து பாய்ந்து வந்து கதவைத் தட்டிக் கத்தினான். நானோ கையை உயர்த்தி, ரெக்கார்டிங் போகிறது, சும்மா இரு என்று இருட்டில் சைகை காட்டினேன். அடுத்த நிமிஷம் தலைக்கு மேலே ஸ்டாக்கர் வண்டி உறுமியது. கண்டெய்னரைக் கவ்வித் தூக்கி அடுக்குகிற யந்திரம் அது, அதன் சத்தத்தில் நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. தரை சாய்ந்தது. நானும் அவனும் கோணிச்சாக்கும் ஹெல்மெட்டும் ஒரு மூலைக்கு உருண்டோம். மேலே போகிறோம் என்பது வயிற்றுக்குத் தெரிந்தது. எதன் மீதோ தடாலென்று உட்கார்ந்தோம், பிறகு வண்டிச் சத்தம் தூரமாகப் போய் நின்றுவிட்டது.

"மூணாவது அடுக்கு" என்றான் தோஸ்து. "டீ குடிக்கப் போய்ட்டான். எம்மா! எம்மா!"

மூன்றாவது அடுக்கு என்றால் இரண்டு மாடி வீட்டு மொட்டைமாடிக்குக் கொஞ்சம் கீழே. நவம்பர் மாதம்தான், ஆனாலும் இரும்புப் பெட்டி தகித்தது. செல் எங்கள் இருவரிடமும் கிடையாது, கையில் எது கிடைத்ததோ அதால் சுவரை அடித்தோம். அடித்துக் களைத்து உட்கார்ந்தபோது அவன், "அல்மெட்டு தொங்கிகினு இருந்துச்சே, எப்டி தூக்னான்?" என்று கேட்டான். அப்போது நான் சொன்னேன். "நான்தான் மாமு கழட்டிட்டேன். சத்தம் வந்துச்சுன்னு உள்ள கொணாந்துட்டேன். நீ மாட்டித்தான் வச்ச. நான்தான்" என்று மூக்கு ஒழுக, குரல் கீச்சிட அழுதேன். ரேடியோ குரல் இருந்த இடம் தெரியவில்லை.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தான். "ரெண்டு தபா தான் மாமு பாத்துக்கீறேன் அந்தப் பொண்ண. ரெண்டாவது தபா கொருக்குப்பேட்ட கேட்டாண்ட. கேட்டு போட்டுட்டான், அந்தாண்ட அது நிக்கிது, இந்தாண்ட நானு. கூட்ஸு போய்கினே கீது, போய்கினே கீது. ஒவ்வொரு பொட்டிக்கும் நடுவுல கொஞ்சூண்டு தெரியும் அது மூஞ்சி. சிரிச்சுகினு இருந்துச்சு மாமு. நான் செத்துப்போனா அது இன்னா நெனைக்கும்? பேசி முடிச்ச ஒடனே மாப்ள பூட்டான், ராசி இல்லாத பொண்ணுன்னு ஊரு சொல்லும்ல அத்த?" சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

ஸ்டாக்கர் ஆபரேட்டர் டீ முடித்து வந்து, வண்டியைக் கிளப்பும் முன்பு எங்கள் தட்டலைக் கேட்டு இறக்கிவிட்டார். நல்ல மனிதர், தோஸ்தின் மேல் பிரியம் உள்ளவர். எங்கள் கோலத்தைப் பார்த்து இரண்டு அறை விட்டார். ஆளுக்கு ஒன்று. பிறகு யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவராகவே சத்தியம் செய்தார். வெளியே வரும்போதுதான் என் சட்டைப்பையில் பிளேயரின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததைத் தோஸ்து பார்த்தான்.

"எல்லாம் அதுல கீதா?"

"இருக்கும்."

"அழிச்சுடு மாமு. எவன் காதுலயாச்சும் உழுந்தா என் வேல காலி. தை வரிக்கும் நான் மூச்சே உடக்கூடாது."

"அழிச்சுடறேன்" என்றேன்.

அழிக்கத்தான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்கலாமே என்று இயர்போனை மாட்டினேன். மாட்டியது தப்பு. அவ்வளவு நன்றாக இருந்தது. கோணிச்சாக்கு வேலை செய்திருந்தது, அவன் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. எம்மா என்று அவன் கத்தும் இடத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ரயில்வே கேட் கதையை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டேன். மூன்று எபிசோடில் "பெருமைமிகு" போட்டுப் போட்டு நான் தேடினது இவன் வாயில் சும்மா வந்திருக்கிறது. பொறாமை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

என் பாட்காஸ்ட்டை யார் கேட்கப்போகிறார்கள்? இந்தத் துணிச்சலில்தான் ஏற்றினேன். அதுவரை எந்த உண்மைக்காக மனம் நொந்துகொண்டிருந்தேனோ, அன்றைக்கு அதையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஆனாலும் நான் பொறுப்பானவன் அல்லவா? பெயர் வரும் இடங்களை வெட்டினேன். என் முன்னுரையை வெட்டினேன், அதற்கு மனது வரவில்லை என்றாலும். பிறகு, ஹெல்மெட் தொங்கியதே என்று அவன் கேட்டு, கழற்றியது நான்தான் என்று நான் அழுதுகொண்டே சொன்ன இடம் வந்தது. முக்கால் நிமிஷம் இருக்கும். கேட்கச் சகிக்கவில்லை. கீச்சுக் குரல், மூக்கொலி. இதைக் கேட்டால் என்னை யார் மதிப்பார்கள்? வெட்டினேன். அவன் அழுதது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், அது கேட்க நன்றாக இருந்தது. வெட்டித் தைத்ததை ஏற்றிவிட்டு, பிளேயரில் இருந்த மூலத்தை அழித்தேன். அழிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, அதை இந்த அளவுக்காவது காப்பாற்றினேன்.

வெள்ளைக்காரருக்குத் தெரியாத ஒரு வழியில் நேயர்கள் வந்தார்கள். சென்டரில் பாட்டு ஏற்றிக்கொள்ள வந்த டிரெய்லர் டிரைவர் ஒருவர், நான் ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போட்டு ரசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அட, இது நம்ம யார்டு செக்கர்டா!" என்றார். பெயரை வெட்டினேன், குரலை வெட்டவில்லை. தினமும் தனக்குத் தண்டம் எழுதும் குரல் எம்மா என்று கத்துவதைக் கேட்க எந்த டிரைவருக்குக் கசக்கும்? தன் செல்லில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். நான் யோசித்தேன். யோசித்துவிட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் ஒருத்தர் வாய்விட்டுக் கேட்ட முதல் எபிசோடு அது.

துறைமுக வாசலில் உள்ளே விட ஆளில்லாமல் டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் காலம். டிரைவர்களுக்கு ஓயாத சும்மா இருத்தல். ப்ளூடூத்தில் வண்டிக்கு வண்டி தாவித் தாவி, அந்த வாரம் முடிவதற்குள் வரிசை முழுக்கப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் டீக்கடையில் நின்றபோது, பக்கத்து வண்டியிலிருந்து "கூட்ஸு போய்கினே கீது, போய்கினே கீது" என்று என் தோஸ்தின் குரல் வந்தது. நாலு பேர் அதைக் கூடவே சொல்லிச் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைச் செய்தவன் நான்தான் என்று அவர்களிடம் சொல்ல நாக்கு துடித்தது. டீயை வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன்.

மறுவாரம் ஒரு டிரைவரின் செல் யார்டு மேனேஜரின் மேஜைக்குப் போனது. தோஸ்தைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தார்களாம். ஹெல்மெட் மாட்டாமல் உள்ளே போனது, வெளியாளைக் கூட்டிப்போனது என்று இரண்டு குற்றம். வெளியாள் யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். அன்று மத்தியானமே வெளியே அனுப்பிவிட்டார்கள். கொருக்குப்பேட்டைக்கும் அந்த ஒலி போய்ச் சேர்ந்திருந்தது. பெண்ணின் அப்பா, "பர்மனென்ட் ஆவட்டும், அப்பால பேசிக்கலாம்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

ஸ்டாக்கர் ஆபரேட்டர் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு யார்டுக்கு ஓடினேன். மேனேஜர் நல்லபடியாகவே உட்காரச் சொன்னார். அந்த வெளியாள் நான்தான், ஹெல்மெட்டை அவன் மாட்டித்தான் வைத்தான், கழற்றியது நான், உள்ளேயே அழுதுகொண்டு ஒப்புக்கொண்டேன் என்று சொன்னேன். பேசும்போது என் குரல் கீச்சிட்டது, அதைப் பற்றி அன்றைக்குக் கவலைப்படவில்லை.

அவர் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க முழுசா ரெண்டு தடவை கேட்டோம் தம்பி. அதுல அப்படி எதுவும் இல்லையே" என்றார்.

"நான் வெட்டிட்டேன் சார்."

"அப்ப வெட்டாதது எங்க?"

"அழிச்சுட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிநேகிதன்னா இப்படித்தான் இருக்கணும். அவனைக் காப்பாத்த இந்த அளவுக்குப் பொய் சொல்றியே, பாராட்டறேன். ஆனா ஹெல்மெட் விஷயத்துல விடமுடியாது. நாளைக்கு ஒரு உயிர் போச்சுன்னா?" எழுந்து வந்து கையும் கொடுத்தார். அந்தக் கையை நான் குலுக்கிவிட்டு வந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாலு நாள் கழித்து, ராயபுரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தோஸ்தைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, அவன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னான், உள்ளங்கை இரண்டும் வெந்து சிவந்திருந்தன. மன்னிப்புக் கேட்பதற்கு நான் வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் கையை நீட்டினான்.

"எல்லாரும் கேட்டுட்டான். ஆபீஸ்ல எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. இப்ப ஒரு தபா முழுசா கேக்கணும். போடு."

வெட்டித் தைத்ததைப் பிளேயரில் ஓடவிட்டு, ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டோம். எங்கள் எதிரே ஒரு மின்சார ரயில் வந்து நின்று போனது. மூன்றாவது அடுக்கு என்று அவன் சொல்வது வந்தது, எம்மா வந்தது, சுவரில் அடித்தது வந்தது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்ததே என்று அவன் கேட்ட கேள்வியும் அதற்கு நான் சொன்ன பதிலும் வரவேண்டிய இடத்தில், நேராக ரயில்வே கேட் கதை வந்தது. அவன் விரலைத் தூக்கினான். நிறுத்தினேன்.

"இந்த எடத்துல நீ இன்னாமோ சொன்னியே."

"வெட்டிட்டேன்."

"ஏன் மாமு?"

நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரைச்சல் என்று சொல்லியிருக்கலாம், அவன் நம்பியிருப்பான். "என் குரல் நல்லா இல்ல" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு, மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"என்து நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

இயர்போனைக் காதிலிருந்து எடுத்து, ஒயர் சிக்காமல் சுற்றி என் கையில் வைத்துவிட்டு, அடுத்து வந்த ரயிலில் ஏறிப் போனான்.